மஞ்சள் கவுனில் நிற்பவள்

எங்கள் தோட்டத்தில் பிறந்து இப்போது எங்கெங்கோ சிதறிக் கிடக்கிறவர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. ஆசிரியை வேலை கிடைத்து, கந்தப்பளையில் வீடு கட்டிக்கொண்டு, தோட்டத்தைவிட்டு இறங்கிப் பல வருடமாகிவிட்ட என்னையும் அதில் சேர்த்துவிட்டார்கள். ஆரம்பத்தில் காலை வணக்கமும் சாமி படமும்தான் வந்துகொண்டிருந்தன. நிம்மதியாக இருந்தேன். பிறகு ஒருநாள், 'வீட்டில் கிடக்கும் பழைய படங்களை எல்லாரும் போடுங்கள், இந்த வருடத் திருவிழாவுக்குப் பெரிதாக அடித்துக் கோயில் மண்டபத்தில் மாட்டப்போகிறோம்' என்று அறிவிப்பு வந்தது. அதோடு என் நிம்மதி போயிற்று.

படங்கள் வந்து குவிந்தன. தேயிலை ஸ்டோரு வாசலில் கொழுந்துச் சாக்குகளுக்குப் பக்கத்தில் கைகட்டி நிற்கும் அப்பாக்கள். மடியில் ரேடியோவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் புதுமாப்பிள்ளை. காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக் களத்தில், தலையில் கம்பளியோடு நிற்கும் பெண்கள். நானுஓயா ஸ்டேசனில் இந்தியாவுக்குப் போகிறவர்களைக் கட்டிப்பிடித்து அழும் கூட்டம். ஒவ்வொன்றுக்கும் கீழே 'ஐயோ இது எங்க மாமா', 'இந்தப் பீலிக்கரையிலதான் நாங்க குளிப்போம்' என்று நூறு பேர் உருகிக்கொண்டிருந்தார்கள். நானும் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு இதயம் போட்டேன். போட்டது விரல்தான். மனசு வேறு வேலையில் இருந்தது.

பொறாமை. அதற்கு வேறு நல்ல பெயர் வைக்க எனக்குத் தெரியும், தமிழ் படிப்பித்தவள்தானே. ஆனால் வைக்க மாட்டேன்.

அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் படம் என்பது போகிறவர்களுக்கான சங்கதி. இந்தியாவுக்குப் போகப் பதிந்த குடும்பம், பாஸ்போட்டுக்காக டவுனுக்குப் போய், சின்னதும் பெரிதுமாக ஒரே பெஞ்சில் உட்கார்ந்து எடுத்துக்கொண்ட படம்தான் பல வீடுகளில் இருந்த ஒரே குடும்பப் படம். எங்கள் குடும்பம் எங்கும் போகவில்லை. இங்கேயே இருக்கிறவர்களை எதற்குப் படம் எடுப்பது? என்னுடைய முதல் படம் அடையாள அட்டைக்காக எடுத்தது. அதில் நான் திருட்டுப் பூனையைப்போல முழிக்கிறேன். அதற்கு முந்தைய பதினாறு வருடம் நான் இந்த உலகத்தில் இருந்தேன் என்பதற்கு என் வாயைத் தவிர சாட்சி கிடையாது.

அம்மாவின் கதை இன்னும் மோசம். அம்மா இறந்ததும், அவர் அடையாள அட்டையில் இருந்த தபால்தலை அளவுப் படத்தை ஸ்டூடியோவில் கொடுத்துப் பெரிதாக்கினோம். அவர்கள் கம்பளியை அழித்துவிட்டுப் பட்டுச்சேலை வரைந்து, கழுத்தில் அட்டிகையும் காதில் தோடும் வைத்து, நெற்றியில் பெரிய பொட்டும் இட்டுக் கொடுத்தார்கள். அது யாரோ ஒரு பணக்கார வீட்டு அம்மா. என் அம்மாவின் கண் மட்டும் அவளிடம் இருக்கிறது. குழுவில் போட என்னிடம் இருந்த ஒரே படம் அதுதான். போட்டேன். பதினோரு பேர் கும்பிட்டார்கள்.

அடுத்த நாள் அவள் போட்டாள்.

அவள் என்றால் எங்கள் லயத்தில், ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் கட்டிய அறைகளில், பக்கத்துக் காம்பராவில் பிறந்தவள். லயத்தில் காம்பராவுக்கும் காம்பராவுக்கும் நடுவில் இருக்கும் சுவர் கூரைவரைக்கும் போகாது. அவள் வீட்டில் கருவாடு பொரித்தால் என் வீட்டில் வாயூறும், என் வீட்டில் அடி விழுந்தால் அவள் வீட்டில் அழுகை கேட்கும். இரண்டு பேருக்கும் ஒரே வயது, ஒரே வகுப்பு, ஒரே சிலேட்டு, ஒரே உயரம். அவளுக்கு மட்டும் எல்லாம் ஒரு பிடி கூடுதலாகக் கிடைத்தது. அவளுக்கு முடி இடுப்புவரை, எனக்குத் தோள்வரை. அவளுக்கு மாமன் இந்தியாவிலிருந்து கடிதம் போடுவார், எனக்கு எழுத யாருமில்லை. பெரியவளானதும் ஹட்டன் டவுனில் புடவைக்கடை வைத்திருந்த ஒருவர் அவளைப் பெண் கேட்டு வந்தார். நான் பரீட்சை எழுதி டீச்சரானேன். அவள் கல்யாணத்துக்கு நான் அவள் கடைப் புடவையைத்தான் கட்டிக்கொண்டு போனேன், அதுவும் அவள் கொடுத்தது. வயிறு எரிய எரியக் கட்டிக்கொண்டு போனேன்.

அவள் போட்ட படம் இதுதான். பின்னால் தொங்கும் திரைச்சீலையில் ஒரு கடலும் இரண்டு அன்னமும் வரைந்திருக்கிறது. நாற்காலியில் அவள் அப்பா, அவருக்குக் கொஞ்சம் பெரிய கோட்டைப் போட்டுக்கொண்டு, மடியில் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் அவள் அம்மா நிற்கிறார். அவருக்கு முன்னால் ஏழு வயதுப் பெண் பிள்ளை ஒன்று, இரட்டைச் சடை, கழுத்தில் லேசு வைத்த கவுன். அம்மாவின் வலது கை அந்தப் பிள்ளையின் தோளில் இருக்கிறது. பிள்ளை நேராகப் பார்க்காமல் ஓரமாக எங்கேயோ பார்க்கிறது. கீழே அவள் எழுதியிருந்தாள்: 'நானும் எங்க அம்மாவும். அம்மாவோட இருக்குற ஒரே படம்.'

குழு அன்றைக்கு அழுது தீர்த்தது. அவள் அம்மாவை எல்லாருக்கும் ஞாபகம் இருந்தது. அந்தப் படம் எடுத்து இரண்டு வருடத்துக்குள் காய்ச்சலில் போய்விட்டார். 'அம்மா கைய பாருங்க, எவ்வளவு பாசம்' என்று ஒருத்தி. 'புள்ள எங்க பாக்குது?' என்று ஒருவர். கொழும்பில் கம்ப்யூட்டர் வேலை செய்கிற ஒருத்தர் படத்துக்குக் கலர் ஏற்றிப் போட்டார். கவுன் நீலமாக வந்தது. உடனே அவள், 'நீலம் இல்ல, மஞ்சள்' என்று திருத்தினாள்.

மஞ்சள்தான். எனக்கும் தெரியும். ஏனென்றால் கவுன்தான் அவளுடையது. அதற்குள் நிற்கிற உடம்பு என்னுடையது.

இரண்டு விரலால் படத்தை இழுத்துப் பெரிதாக்கினேன். பிள்ளையின் இடது கை தொங்குகிறது. சுண்டுவிரல் மற்ற விரல்களோடு சேராமல் வெளிப்பக்கமாக வளைந்திருக்கிறது. நான் பிறந்தபோதே அப்படித்தான். இப்போது போனைப் பிடித்திருக்கிற கையிலும் அதே விரல் அதே கோணலோடு நிற்கிறது. அவளுடைய விரல்கள் எல்லாம் நேரானவை, அதில் இரண்டில் மோதிரம்.

நடந்தது இதுதான்.

அவளுக்கு அந்த வருடம் கடுமையான காய்ச்சல் வந்து பிழைத்தாள். பிழைத்தால் திருவிழாவுக்கு முடி கொடுப்பதாக அவள் அம்மா மாரியம்மனிடம் நேர்ந்திருந்தார். நான் அவரை அத்தை என்றுதான் கூப்பிடுவேன். அதே சமயத்தில் இந்தியாவிலிருந்து அத்தையின் அண்ணன் எழுதியிருந்தார், மருமகளை ஒரு படம் பிடித்து அனுப்பு, என் மகனுக்குக் காட்டவேண்டும் என்று. அவர் இங்கிருந்து போனபோது அவள் பிறந்திருக்கவில்லை. அத்தை கணக்காகத் திட்டம் போட்டார். திருவிழா அன்று டவுனிலிருந்து படம் பிடிக்கிறவர் திரைச்சீலையோடு தோட்டத்துக்கு வருவார். காலையில் நீண்ட முடியோடு படம், அது முடிந்ததும் முடியிறக்கம்.

மழை. படக்காரர் வந்த பஸ் வழியில் நின்றுவிட்டது. முடியிறக்குகிறவர் அன்றைக்கே இன்னும் இரண்டு தோட்டத்துக்குப் போகவேண்டும். சாமி காரியத்தைப் படத்துக்காகத் தள்ளிப்போட அத்தைக்குத் துணிச்சல் வரவில்லை. பீலிக்கரையில் உட்காரவைத்து மொட்டை அடித்து, சந்தனம் பூசி, அவளை லயத்துக்குக் கூட்டிவந்து பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது, படக்காரர் நனைந்துகொண்டு வந்து சேர்ந்தார். எங்கள் லயத்துச் சுவரிலேயே ஆணி அடித்துக் கடலையும் அன்னத்தையும் தொங்கவிட்டார்.

அத்தை தலையில் கைவைத்து வாசலில் உட்கார்ந்துவிட்டார்.

"அண்ணன் மொதமொதல்ல புள்ளயப் பாக்கப்போவுது. மொட்டத் தலையப் பாத்தா அண்ணன் பொஞ்சாதி சீக்குக்காரப் புள்ளன்னு சொல்லிராது?"

"மழை திரும்ப வாரதுக்குள்ள முடிவு பண்ணுங்க" என்றார் படக்காரர். "யாரு நின்னா எனக்கு என்னாங்க, ஆடாம நின்னா சரி."

அவர் எரிச்சலில் சொன்னது. அத்தை அதையே பிடித்துக்கொண்டார். திரும்பி என்னைப் பார்த்தார். நான் வேடிக்கை பார்க்க வந்து, மூக்கு ஒழுக நின்றுகொண்டிருந்தேன். அத்தை என்னை மேலும் கீழும் அளந்தார்.

"மதினி, ஓங்க புள்ளய ஒரு நிமிசம் குடுங்களேன்" என்றார் என் அம்மாவிடம்.

அம்மா மிலாறு உடைத்துக்கொண்டிருந்தார். கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சிகளை நாங்கள் மிலாறு என்போம், எங்கள் அடுப்புகள் எரிந்தது அதில்தான். கையைத் தட்டிக்கொண்டு எழுந்து அம்மா சிரித்தார். "ஒரு நிமிசம் என்னா மதினி, நீங்களே வச்சுக்கங்க. எனக்கு ரொட்டி ஒன்னு மிச்சம்."

காம்பராக் கதவுக்குப் பின்னால் எங்கள் உடுப்புகள் கைமாறின. என்னுடைய சாயம்போன பாவாடையை அவளுக்குப் போட்டார்கள், அவளுடைய மஞ்சள் கவுனை எனக்கு. காய்ச்சலில் அவள் இளைத்திருந்த அளவுக்குத் தைத்தது, எனக்கு முதுகில் பூட்டவில்லை. அத்தை ஊக்குப் போட்டுப் பார்த்தார், அதுவும் நிற்கவில்லை. கடைசியில் தோள்பட்டையைக் கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். குழுவில் எல்லாரும் பாசம் பாசம் என்று உருகிய கை அதுதான். கவுன் நழுவாமல் பிடித்திருந்த கை.

நான் நேராகப் பார்க்கவில்லை. படக்காரருக்குப் பக்கத்தில் அம்மா நின்றுகொண்டிருந்தார். என்னை அம்மா அப்படி ஒருநாளும் பார்த்ததில்லை, ஏதோ டவுன் பிள்ளையைப் பார்ப்பதுபோல வாயைப் பிளந்து பார்த்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அத்தை பல்லைக் காட்டிச் சிரித்தபடியே என் தோளில் நறுக்கென்று கிள்ளினார். அந்த நேரத்தில் படக்காரர் படம் பிடித்துவிட்டார்.

முடிந்ததும் கவுனைக் கழற்றிக்கொண்டார்கள். "யாருகிட்டயும் சொல்லக்கூடாது, மாரியாத்தா கண்ணக் குத்தும்" என்று அத்தை ஒரு முறுக்கைக் கையில் திணித்தார். படம் இரண்டு பிரதி வந்தது. ஒன்று இந்தியாவுக்குப் போனது. மற்றது அவர்கள் காம்பராச் சுவரில் ஏறியது. மாமன் வீட்டிலிருந்து பிறகு பெண் கேட்டு யாரும் வரவில்லை, அவள் வீட்டாரும் இந்தியாவுக்குப் போகவில்லை. நான் மட்டும் அவள் வீட்டுக்கு விளையாடப் போகிறபோதெல்லாம் அவள் வீட்டுச் சுவரில் தொங்குகிற என்னையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பேன். அத்தை போன பிறகு அவள் அப்பா அதற்கு மாலை போட்டார். மாலை அத்தைக்குத்தான். ஆனால் அது என் கழுத்துக்கும் சேர்ந்து தொங்கியது.

அத்தை இல்லாத வீட்டில் அதைப் பற்றிப் பேச வாய் வரவில்லை. பிறகு வருடங்கள் போய்விட்டன. அவளுக்கு மொட்டை அடித்ததே ஞாபகம் இருக்காது, அந்தப் படத்தில் இருப்பது தானே என்று நம்பி வளர்ந்திருக்கிறாள் என்று நானாகவே நினைத்துக்கொண்டேன்.

இப்போது 'நானும் எங்க அம்மாவும்' என்று முன்னூறு பேர் முன்னால் எழுதிவிட்டாள். வீடு இருக்கிறது, கடை இருக்கிறது, மகள் லண்டனில் இருக்கிறாள், ஆல்பம் ஆல்பமாகக் கல்யாணப் படம் இருக்கிறது. எனக்கென்று இருப்பது அந்த ஒரு ஏழு வயது. அதையும் எடுத்துக்கொள்வாளா?

'அது நீ இல்லை, நான்' என்று குழுவில் எழுதினேன். அனுப்பவில்லை, அழித்தேன். மறுபடி எழுதினேன், 'தோழி, ஒரு சின்னத் திருத்தம்' என்று டீச்சர் பாணியில். அதையும் அழித்தேன். என் வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "வெரலு கோணலா இருக்குன்னு கோர்ட்டுக்குப் போகப்போறியா?" என்றார். அவருக்கென்ன, அவர் வீட்டில் பாஸ்போட்டுப் படமே மூன்று இருக்கிறது.

முடிவு செய்தேன். திருவிழா அன்று மண்டபத்தில் ஒவ்வொருவரும் தங்கள் படத்துக்கு முன்னால் நின்று மைக்கில் இரண்டு வார்த்தை பேசவேண்டும் என்று ஏற்பாடு. எல்லார் முன்னாலும் என் இடது கையைத் தூக்கிக் காட்டிச் சொல்லிவிடுவது. சிரித்துக்கொண்டே சொல்வது, வேடிக்கைபோலச் சொல்வது. ஆனால் சொல்லிவிடுவது. என்ன பேசுவதென்று கண்ணாடி முன்னால் நின்று இரண்டு முறை சொல்லியும் பார்த்தேன். ஓய்வு பெற்ற பிறகு ஒரு பாடத்துக்கு அவ்வளவு ஆயத்தம் செய்தது அன்றைக்குத்தான்.

திருவிழா அன்று ஆட்டோ பிடித்துத் தோட்டத்துக்கு ஏறினேன். எங்கள் லயத்துக்குப் புதுத் தகரம் போட்டிருந்தார்கள். கோயில் மண்டபத்தில் சுவர் முழுக்கப் படங்கள். அம்மாவை அட்டிகையும் பட்டுச்சேலையுமாக ஒரு மூலையில் மாட்டியிருந்தார்கள், குழல் விளக்குக்கு நேர் கீழே, முகம் சரியாகத் தெரியாமல். நடுச்சுவரில் அவளுடைய படம். அவள் தன் சொந்தச் செலவில் தங்க நிறச் சட்டம் போட்டுக் கொண்டுவந்திருந்தாள். கூட்டம் அதன் முன்னால்தான்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனேன். கோணல் விரலை நேரில் ஒருமுறை பார்த்துக்கொள்ளவேண்டும்.

விரல் இல்லை.

படத்தைக் கீழே வெட்டியிருந்தார்கள். அப்பாவின் மடியோடு, கைக்குழந்தையின் காலோடு, பிள்ளையின் முழங்கையோடு படம் முடிந்துவிட்டது. கடல் இருந்தது, அன்னம் இருந்தது, என் கை இல்லை. சட்டத்தின் அளவுக்காக வெட்டியிருக்கலாம் என்று ஒரு நொடி நினைத்தேன். ஆனால் மேலே திரைச்சீலைக்கு மேல் லயத்துச் சுவர் வெறுமனே ஒரு சாண் உயரத்துக்கு நிற்கிறது. வெட்டுவதென்றால் அதை வெட்டியிருக்கவேண்டும்.

அவளுக்குத் தெரியும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அவள் எனக்குப் பின்னாலேயே நின்றாள். பட்டுப்புடவை, முடியில் நரை, மல்லிகைச் சரம்.

"எப்ப வந்த?" என்றாள்.

"இப்பத்தான். நல்லாத்தான் வெட்டியிருக்க."

"பிரேமுக்கு வெட்டுனாங்க."

"மேல அம்புட்டுச் சுவர விட்டுட்டு கீழ வெட்டுனாங்களாக்கும்."

அவள் என் இடது கையைப் பிடித்தாள். கூட்டத்திலிருந்து இழுத்துக்கொண்டு மண்டபத்துக்கு வெளியே, தேங்காய் உடைக்கிற கல்லுக்கு அந்தப் பக்கம் கூட்டிப்போனாள். அந்தக் கையை விடாமலே கேட்டாள்.

"மைக்குல சொல்லப்போறியா?"

"ஆமா."

"சொல்லுவன்னு தெரியும். அதான் வெட்டச் சொன்னேன்."

கையை உருவிக்கொண்டேன். "அப்ப தெரிஞ்சுதான் போட்டியா? நானும் எங்க அம்மாவும்னு?"

"ஏழு வயசுடி எனக்கு. மொட்ட அடிச்ச அன்னிக்கு என்னா நடந்துச்சுன்னு மறந்துருவேனா? ஒம் பாவாடையப் போட்டுக்கிட்டு, தலையில சந்தனத்தோட, படக்காரருக்குப் பக்கத்துல நின்னு அழுதுக்கிட்டு இருந்தேன். ஒங்கம்மாதான் முந்தானைய எடுத்து என் தலைய மூடி, இடுப்புல அணைச்சுக்கிட்டாங்க. நீ எங்க பாத்தேன்னு குரூப்புல கேக்குறாங்களே, நீ எங்களத்தான் பாத்த."

நான் அம்மாவை மட்டும்தான் பார்த்தேன். அந்த முந்தானைக்குள் ஒரு மொட்டைத் தலை இருந்தது என் ஞாபகத்தில் இல்லவே இல்லை.

"நீ என்னப் பாத்து வயிறெரிவன்னு எனக்குத் தெரியும்" என்றாள். "சின்னப் புள்ளையில இருந்தே தெரியும், ஒம் மொகத்துலயே எழுதி ஒட்டியிருக்கும். ஒனக்குத்தான் ஒன்னும் தெரியாது. எங்கம்மா போன பொறவு எத்தன நாளு அந்தச் சுவரப் பாத்து ஒன்னத் திட்டியிருக்கேன் தெரியுமா? இருந்ததே ஒரு படம். அதுலயும் எங்கம்மா ஒம் மேல கைய வச்சுக்கிட்டு நிக்குது."

அவள் அழவில்லை. கடைக்கு வந்த துணியில் கிழிசல் இருந்தால் எப்படிச் சொல்வாளோ அப்படிச் சொன்னாள்.  கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்த பாடம் முழுவதும் மறந்துபோயிற்று. என் முகத்தில் எழுதியிருந்ததை அவள் படித்திருக்கிறாள். அவள் முகத்தை நான் ஒருநாளும் படிக்கவில்லை. நாற்பது பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தே பொய் கண்டுபிடிக்கிற டீச்சர் நான்.

"எங்கம்மா என்னா சொன்னாங்க?" என்று கேட்டேன். "ஒன்ன அணைச்சுக்கிட்டு."

"அழுவாத, நாளைக்கே மொளச்சிரும்னாங்க. முந்தானையில மிலாறு பொக வாசம்."

அந்த வாசம் எனக்குத் தெரியும். ஆனால் அந்தச் சொல் எனக்குக் கிடைக்கவில்லை. அந்தப் பட்டுச்சேலைப் படத்தில் இல்லாத என் அம்மா இத்தனை வருடமாக இவளிடம் இருந்திருக்கிறார். அதற்கும் எனக்குப் பொறாமை வந்தது. நேரம் காலம் பார்க்காமல் வந்தது.

மண்டபத்துக்குள்ளிருந்து மைக்கில் அவள் வீட்டுப் பெயரைக் கூப்பிட்டார்கள். அவள் போகவில்லை. கொஞ்சம் தயங்கி, தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"எப்புடி இருந்துச்சு? எங்கம்மா கை."

அறுபது வயது தாண்டிய பெண்பிள்ளை, ஹட்டனில் கல்லாவில் உட்கார்ந்து பத்துப் பேரை வேலை வாங்குகிறவள், தன் அம்மாவின் கை எப்படி இருந்தது என்று, யாரும் யாரிடமும் கேட்காத கேள்வியை என்னிடம் கேட்கிறாள். அவளுக்கு அத்தையைப் பற்றி ஒன்பது வயதுவரைக்கும்தான் ஞாபகம். அதிலும் பாதி காய்ச்சல் நாட்கள்.

கவுனை நழுவாமல் பிடித்திருந்தார் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை.

"கிள்ளுனாங்க" என்றேன்.

"கிள்ளுனாங்களா?"

"நான் நேரா பாக்கலல்ல, அதான். மொகம் சிரிச்சுக்கிட்டு இருக்குது பாரு படத்துல, சிரிச்சுக்கிட்டே கிள்ளுனாங்க."

"எங்க?"

காட்டினேன். காட்டினேன் என்றால், அவள் வலது தோளில் பட்டுப்புடவைக்கு ஓரமாக, கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் கையை வைத்து, பெருவிரலும் ஆள்காட்டி விரலுமாகச் சதையைப் பிடித்து நறுக்கென்று கிள்ளினேன். "ஆவ்" என்று துள்ளினாள். பிறகு அந்த இடத்தைக் கையால் பொத்திக்கொண்டு அப்படியே நின்றாள். அப்போதுதான் அவளுக்குக் கண் கலங்கியது.

மைக்கில் இரண்டாம் முறை கூப்பிட்டார்கள்.

"போ" என்றேன். "போய்ப் பேசு."

"நீ?"

"எங்கம்மா படத்துக்கு முன்னால நான் பேசிக்கிறேன். நீ போ."

அவள் போனாள். நானும் பின்னால் போய்க் கூட்டத்தின் ஓரத்தில் நின்றுகொண்டேன். அவள் தங்கச் சட்டத்துக்கு முன்னால் நின்று மைக்கை வாங்கினாள்.  "இது எங்க அம்மா" என்றாள். மாமனுக்கு அனுப்ப எடுத்த படம் என்றாள். மழை பெய்ததையும் லயத்துச் சுவரில் கடலைத் தொங்கவிட்டதையும் சொன்னாள், கூட்டம் சிரித்தது. பிறகு சொன்னாள்:

"எல்லாரும் அம்மா பாசமா கைய வச்சிருக்காங்கன்னு எழுதியிருந்தீங்க. பாசமெல்லாம் இல்லீங்க. நேரா பாக்காததுக்குக் கிள்ளிக்கிட்டு இருக்காங்க. இந்த எடத்துல. இப்பவும் வலிக்குது."

மண்டபம் சிரித்துக்கொண்டே அழுதது. எனக்குப் பக்கத்தில் நின்றவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கொடுத்து வச்ச புள்ள" என்றார். நானும் கை தட்டினேன். கோணல் விரலோடு சேர்த்து எல்லா விரலாலும் தட்டினேன். என் வயிறு எரிந்துகொண்டுதான் இருந்தது. நான் பிள்ளையாக நிற்கிற ஒரே படத்தையும், அந்தப் படத்தில் தெரியாத ஒரே விஷயத்தையும் அவளுக்கே கொடுத்துவிட்டு நிற்கிறேனே என்று எரிந்தது.

அவள் மைக்கைக் கொடுத்துவிட்டு இறங்குகிறபோதும் தோளைத் தடவிக்கொண்டுதான் இறங்கினாள். அந்த வலியில் மட்டும் பொய் கிடையாது. அத்தை என்னைக் கிள்ளியதைவிட நான் அவளைக் கொஞ்சம் பலமாகத்தான் கிள்ளியிருந்தேன்.